உபதேசியார் வைத்த சண்டைப் பரீட்சை

எங்கள் வரதராசன்பேட்டைப் பக்கத்தில் இவர் முன்னால் சண்டை போட்டுக் காட்டாமல் எந்த ஜோடிக்கும் கல்யாணம் நடந்ததில்லை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வேதக் கோயிலில் ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லித்தருபவர்; 'சண்டை உபதேசியார்' என்றால் போதும். ஆள் என்னவோ, எதிரே ஆடு வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிற சாது.

கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் அவரிடம் ஜெப மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். அவர் சரியென்றால்தான் பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து ஜோடியின் பெயரை ஊருக்கு அறிவிப்பார். மற்ற ஊர்களில் அதோடு சரி. இவரோ, "மந்திரம் கிளிகூடச் சொல்லும். இப்ப சண்டை போடுங்க, பாப்போம்" என்பார்.

ஒரு ஜோடி "நீங்க சொல்றதுதான் சரிங்க" என்று மாறி மாறிச் சொல்லியே மூன்று தடவை தோற்றது. இன்னொரு ஜோடி தொடங்கியதுமே இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள். கோயில் மணியை அடித்துத்தான் அடக்கினார். ஊரார் உச்சிவேளை என்று நினைத்து ஜெபம் சொல்லி முடித்தார்கள். "அந்த ரெண்டும் மட்டும் ஓரமா நின்னு சிரிச்சுதுங்க. அதனால பாஸ்" என்றாராம்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் என் முறை வந்தது. மாப்பிள்ளை அரியலூரில் வாத்தியார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு கால நோன்பில் கல்யாணம் கிடையாது; அதற்கு மூன்று ஞாயிறுதான் மிச்சம். பரீட்சையில் தோற்றால் ஈஸ்டர் வரை கல்யாணம் இல்லை. அதுவரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா என்ற பயத்தில் நான் ஞானோபதேசப் புத்தகத்தையே கரைத்துக் குடித்திருந்தேன். சண்டை மட்டும் அதில் இல்லை.

"பொண்ணுகிட்ட ஒரு குறை சொல்லுங்க தம்பி."

"குறை ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப ஈஸ்டருக்கு அப்புறம் வாங்க."

"இருக்குங்க! இவங்க பேசறது காதுலயே விழல!" என்று பதறினார் மாப்பிள்ளை.

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நாலு அதிரசம் சாப்பிட்டீங்களே, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அடிப்பாவி!" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

"எங்க சொல்றது? உங்க சித்தப்பா யுத்தத்தப் பத்தி ஆரம்பிச்சுட்டாரு!"

"சாயங்காலம் வரைக்குமா?"

"முடிக்கவே இல்லையே!"

வாசலில் சித்தப்பா இருமினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உண்மைதாங்க. அவரு லேசுல வுட மாட்டாரு."

"நானும் கெளம்பறப்பவாவது சொல்லியிருக்கணும். அதிரசம் நல்லா இருந்துச்சுங்க."

உபதேசியார் துள்ளி எழுந்தார். "ரெண்டு பேரும் எறங்கி வந்துட்டாங்க! யாரும் நடுவுல போகல! வாசிக்கலாம் ஓலை!" மேல்துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் சாமியாரைப் பார்க்க ஓடினார்.

மறுநாள் ஞாயிறு பூசையில் எங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது, தூணோரம் நின்று அவரும் கூடவே முணுமுணுத்தார். பெற்றவர் முகத்தில்கூட அப்படியொரு பெருமையை நான் பார்த்ததில்லை. தபசு காலத்துக்கு முன்பே தாலி ஏறியது.

இப்போது மடியில் ஆறு மாதப் பெண் குழந்தை. பால் போதுமா, உடம்பு சுடுகிறதா என்று நாளெல்லாம் எனக்குக் கவலைதான். அதோடு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது: இவளுக்குக் கல்யாணம் கூடும்போதும் அந்த மனுஷர் திடமாக இருக்க வேண்டுமே.