வாளிக்குள் ஒரு கடல்

“எங்கப்பா இருக்கீங்க?” என்று மகள் போனில் கேட்டதும், கட்டிலில் படுத்தபடியே, “கடற்கரையிலம்மா” என்று சொல்லிவிட்டார் கண்டக்டர்.

சொன்ன பிறகுதான் அறையைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் காயவே காயாத சட்டை. சுவரெல்லாம் ஈரம். இந்த நாட்டில் வந்து இறங்கியதிலிருந்து தூறல் நின்றபாடில்லை. கடல் என்னவோ தெருக்கோடியில்தான் இருந்தது. எழுந்து போகத்தான் மனம் வரவில்லை.

மனைவி இறந்துபோன பிறகு அவருக்கு எதிலுமே மனம் வரவில்லை. பஸ் வேலையிலிருந்தும் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் பேச ஆள் இல்லை. அதட்டப் பயணிகளும் இல்லை.

போன வருஷம், விவாகரத்து முடிந்த கையோடு மகள் தனியாக இங்கே வந்து இதே விடுதியில் தங்கினாள். தினமும் போன் பேசுவாள். பின்னால் அலைச் சத்தம் கேட்கும். “மனசே லேசாயிடுச்சுப்பா” என்பாள். திரும்பி வந்து நல்ல வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அந்தக் கடல்தான் வேண்டும் என்று கண்டக்டர் ஒற்றைக்காலில் நின்றார். “வேற ஊருக்குப் போங்களேன்ப்பா” என்று அவள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

இப்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தாலும், வேலையை விட்டெறிந்துவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். அது மட்டும் நடக்கக் கூடாது.

“அலைச் சத்தத்தையே காணோமே?”

“காத்து அந்தப் பக்கமா அடிக்குது.”

பூனை போல் நடந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்தார்.

“குழாய்த் தண்ணி மாதிரி கேக்குது?”

“பக்கத்துல ஒருத்தர் கால் கழுவறாரு.”

“கூட்டமாப்பா?”

“நிக்க இடமில்ல!”

சொல்லிவிட்டாரே தவிர, கூட்டத்துக்கு எங்கே போவது? போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தி, காலமெல்லாம் பஸ்ஸில் கத்திய அதே கத்தலைக் கத்தினார். “உள்ள போ, உள்ள போ! நடுவுல எவ்ளோ இடம் கிடக்கு!”

மறுமுனை கொஞ்சம் திகைத்தது. “கடலுக்குள்ளயாப்பா போகச் சொல்றாங்க?”

பதறிப்போன கண்டக்டர், குழாயடியில் நிரம்பியிருந்த வாளிக்குள் கையை விட்டுச் சுழற்றினார். வாளி கவிழ்ந்தது. தண்ணீர் கதவிடுக்கு வழியாக வெளியேறி மாடிப்படியில் இறங்கியது.

துடைப்பத்தோடு ஏறி வந்தாள் விடுதிக்காரம்மா. நம் பாஷை பேசுகிறவள். கண்டக்டர் உதட்டில் விரல் வைத்து, போனைக் காட்டி, வாளியைக் காட்டி, கையால் அலை அடித்துக் காட்டினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகவே நின்றார்.

அவள் திட்டவில்லை. கசங்கிய படுக்கையையும் பிரிக்காத பெட்டியையும் பார்த்தாள். கீழே போய் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து வந்து, தண்ணீர் நிரப்பிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் பெரிய அலை ஒன்றைப் புரட்டினாள். கொஞ்சம் இடைவெளி விட்டாள். பிறகு ஈரத் தரையில் துடைப்பத்தைச் சர்ரென்று இழுத்தாள். மணலை அரித்துக்கொண்டு அலை திரும்பிப் போனது.

கண்டக்டருக்கே கால் நனைந்தது போலிருந்தது. நனைந்துதான் இருந்தது.

“இப்ப கேக்குதாம்மா?”

விடுதிக்காரம்மா இன்னொரு அலையைப் புரட்டி, துடைப்பத்தை இழுத்தாள்.

“கேக்குதுப்பா. சாப்பிட்டுப் படுங்க. நாளைக்கே நான் கிளம்பி வரேன்.”

போன் அடங்கிவிட்டது. கண்டக்டர் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். எது நடக்கக் கூடாது என்று பயந்தாரோ அதுவே நடந்துவிட்டது.

“அசல் கடல் மாதிரியே இருந்துச்சேம்மா! எப்படிக் கண்டுபிடிச்சா?”

விடுதிக்காரம்மா டப்பைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

“தெரியாம இருக்குமா? போன வருஷம் இதே கட்டில்ல சுருண்டு கிடந்துக்கிட்டு உங்களுக்குப் போன் பேசறப்பல்லாம், அந்தப் பொண்ணுக்கும் நான்தானே அலை அடிச்சேன்!”