நிமிர்த்தியே வைக்கவும்

ரயில் பாலத்துக்கு அடியில் லாரி சிக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. பின்னால் இரண்டு பேருந்து, அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வண்டிகள். அத்தனை பேர் கையும் ஹாரனில்தான்.

சிக்கியது லாரிகூட இல்லை. அதில் நின்ற மரப்பெட்டி. 'நிமிர்த்தியே வைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஆணியடித்து அனுப்பியிருந்தார்கள்.

"எந்தப் புண்ணியவான் இந்த வழியில விடச் சொன்னது?" என்றார் டிரைவர்.

"நான்தான்ப்பா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

டிரைவர் அவளுடைய அப்பா. லாரி ஓட்டித்தான் அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால் சரக்கு ஆபீசில் அவளுக்கு 'டிகிரி' என்றே பெயர்.

"பெரிய பாலத்தை ரிப்பேர்னு மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. வேற வழி எங்க இருக்கு? இங்க உயரம் இவ்வளவுதான்னு எழுதி வைக்கக்கூட ஒருத்தருக்கும் துப்பில்ல," என்றாள் டிகிரி.

நாலு மணிக்குள் சாலைத் துறைக் கிடங்கில் பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மணி மூன்று இருபது.

போனில் முதலாளி கத்தினார். "பாரத்தைக் குறை."

"பாரத்தை எடுத்தா..." என்று இழுத்தார் அப்பா.

"அப்பா, நான் படிச்சிருக்கேன்."

பேருந்துப் பயணிகள் வெறுப்பில் ஓடி வந்து கை கொடுத்தார்கள். லாரியில் பெட்டியோடு ஏற்றியிருந்த சிமென்ட் கட்டைகள் இருபதும் சாலையில் இறங்கின. பாரம் போன நிம்மதியில் லாரி நான்கு விரற்கடை மேலே எழும்பியது. பெட்டி பாலத்தைக் கவ்விக்கொண்டது.

"ஸ்பிரிங்குன்னு ஒண்ணு இருக்கு பாப்பா," என்றார் அப்பா, மிகப் பொறுமையாக.

ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் மண்வெட்டியோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, அந்தப் பெட்டி..."

"தெரியும், மாட்டிக்கிச்சு. வேடிக்கை பார்க்கிறதுன்னா தள்ளி உட்கார்ந்து பாருங்க."

அடுத்து டயர்களில் காற்றைப் பிடுங்கினார் அப்பா. லாரி முனகிக்கொண்டு தாழ்ந்தது. அங்குலம் அங்குலமாக ஓட்டினார். பெட்டி பாலத்தைத் தாண்டி வெளியே வந்தது. பின்னால் கைதட்டல்கூட எழுந்தது.

"காற்றடிக்கிற பம்ப் எங்கப்பா?"

"ஆபீஸ்ல."

மணி மூன்று நாற்பது. கிடங்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்.

"ஏம்மா, ஒரு வார்த்தை..." என்றார் ஆரஞ்சுச் சட்டை.

"அண்ணே, உங்களுக்குக் கோடி புண்ணியம். சும்மா இருங்க. அப்பா, ஓரமாவாவது ஒதுக்குங்க, ஜனங்க போகட்டும்."

சப்பை டயரோடு ஓரம் ஒடித்தார். 'டொம்' என்று சத்தம். லாரியின் பின்சக்கரம் ஒரு குழிக்குள் முழுசாக உட்கார்ந்தது.

டிகிரி லாரியின் படிக்கட்டில் அமர்ந்து தலையில் கை வைத்தாள். மணி மூன்று ஐம்பது. போன் அடித்தது, முதலாளி. எடுக்கவில்லை. அப்பா அவளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அந்தப் பரிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சாலைத் துறையாம், சாலைத் துறை," என்று எழுந்தாள். "எந்த அறிவாளி நட்ட நடு ஊர்ல இப்படிக் குழி தோண்டி வெச்சது?"

ஆரஞ்சுச் சட்டைக்காரர் கடலைத் தோலைத் தட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நான்தாம்மா, 'உயரமான லாரி இந்த வழியில் வரக் கூடாது'ங்கற பலகை அந்தப் பெட்டியிலதான் இருக்கு, அதை நடுறதுக்குத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிடக்கேன், கையெழுத்து எங்க போடணும்?"