நாற்காலி அக்காவின் கோபம்

நாற்காலியோடும் விளக்கோடும் சண்டை போடுவதற்கென்றே திருநெல்வேலியில் ஒருவர் பிறந்தார் என்றால் அது நாற்காலி அக்காதான். ஓட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்வது அவர் தொழில். எந்த நாற்காலியானாலும் அதில் உட்கார்ந்து இரண்டு தோசை தின்று பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படி வந்த பெயர்.

வண்ணார்பேட்டையில் எங்கள் முதலாளி ஓட்டல் தொடங்கியபோது நான் மேனேஜர். துபாயிலிருந்து திரும்பியிருந்த முதலாளிக்கு ஓட்டல் குகை மாதிரி இருக்க வேண்டும். பிளாஸ்டர் பாறை, சிவப்பு விளக்கு, மூலையில் ஒரு குட்டி அருவி.

அலங்கார வேலைக்கு வந்த அக்கா, சிவப்பு விளக்குக்குக் கீழே ஒரு தட்டை நீட்டினார். "இதுல எது தேங்காச் சட்னி, எது தக்காளிச் சட்னி? சொல்லுங்க அண்ணாச்சி."

முதலாளி உற்றுப் பார்த்துச் சொன்னார். தப்பு.

"சரி, அருவியாவது இருக்கட்டுமே."

"பக்கத்துல தண்ணி கொட்டிக்கிட்டே இருந்தா, சாப்பிட வாறவன் இலையைப் பாப்பானா, பாத்ரூமைத் தேடுவானா?"

"துபாய்ல இப்படித்தாம்மா வச்சிருக்கான்."

"அங்கன எவன் சொதி ஊத்திச் சாப்பிடுதான்? பாறையில தெறிச்சா யாரு தொடைக்கது?"

விளக்கு மாறியது. அருவி நின்றது. ஆனால் அக்கா வேறு வேலையாக அம்பாசமுத்திரம் போயிருந்த வாரத்தில், முதலாளி நாற்காலியே வேண்டாமென்று மேஜையையும் பெஞ்சையும் நெருக்கமாகப் போட்டுத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டார். இடம் மிச்சமாம்.

திறப்பு விழா அன்று காலையில்தான் அக்கா அதைப் பார்த்தார். பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவே கையால் சாண் போட்டுப் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

முதலாளியின் மாமனார் முதல் ஆளாக உட்கார்ந்தார். கனத்த சரீரம். மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் உள்ளே நுழைந்தார். பொங்கல், வடை, பூரி என்று ஒரு கை பார்த்தார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. நானும் முதலாளியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தோம். பெஞ்சுதான் முனகியது. சுற்றியிருந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போனை உள்ள வைங்க எல்லாரும்," என்றார் அக்கா. தொழில் பையிலிருந்து ரம்பத்தை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தார். "அய்யா, பையப் பைய பின்னால சாயுங்க."

"ஏம்மா, அது தேக்கு," என்றார் முதலாளி.

"மனுசன் சாப்பிட்டா வயிறு பெருக்கும். அதுகூடத் தெரியாம எதுக்கு அண்ணாச்சி ஓட்டல் வைக்கிய?" அறுக்க அறுக்க அக்காவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அத்தனையும் ஆத்திரம்.

வெளியே வந்த பெரியவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்குப் பயந்துதான் தாயி, நான் கல்யாண வீட்டுக்கே போறதில்ல." பிறகு மருமகனைப் பார்த்தார். "இந்தப் பிள்ள சொல்லுத நாக்காலிய வாங்கிப் போடும் வே."

மறுவாரமே கையில்லாத அகல நாற்காலிகள் வந்தன. பெரியவர் தினமும் வந்தார்.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். நேற்று ஒரு புது ஓட்டலுக்குப் போனேன். மெனு கார்டைப் படிக்க டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அரை மணி நேரம் அந்த ஓட்டல்காரனைத் திட்டினார். போனை வைக்க எனக்கு மனசே வரவில்லை.