கல்சுவருக்குப் பின்னால் குறட்டை விட்ட பறவை

பெருமதிப்பிற்குரிய பில்லா அக்காவுக்கு, மிக்கினெஸ் தீவிலிருந்து தம்பி ஹானுஸ் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், மகள் சுன்வா, ஆடுகள் எல்லோரும் சுகம். தோர்ஸ்ஹவ்னில் நீ, அத்தான், உன் முட்டிவலி மூவரும் எப்படி?

நிற்க. அக்கா, அடுத்த படகிலேயே ஏறி வந்து சுன்வாவின் கல்யாணத்தை நிறுத்து. பையன் பெயர் தோர்கில், டென்மார்க்காரன். தங்கமான பையன், அதுதான் வயிற்றெரிச்சல். குறை சொல்லி விரட்டவும் வழியில்லை. நம் வீட்டில் தங்கி, ருபார்ப் ஜாமை வழித்து வழித்துத் தின்றுகொண்டு, தீவிலுள்ள பறவைகளை எண்ணுகிறான். எண்ணி முடித்தால் கோபன்ஹேகன் போய்விடுவான். கூடவே என் மகளும் போய்விடுவாள். தாயில்லாப் பெண்ணை வளர்த்த நான் அப்புறம் ஆடுகளோடா பேசிக்கொண்டிருப்பேன்? ஆகவே, அவன் எண்ணி முடிக்கவே கூடாது என்று முடிவு கட்டினேன்.

கல்சுவர்ப் பொந்துகளில் அடைகாக்கும் அந்தக் கரிய சின்னக் கடற்பறவை உனக்குத் தெரியுமே? அது கண்ணில் படாது. அதனால் பொந்து வாசலில் டேப் ரிக்கார்டரை வைத்து அதன் குரலைப் போடுவான். ‘எவன்டா என் வீட்டு வாசல்ல?’ என்று உள்ளே இருப்பது பதிலுக்குக் குறட்டை விடும், கடைசியில் ஒரு விக்கலோடு. பதில் வந்தால் தாளில் ஒரு கோடு. அந்தக் குறட்டை எனக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி. நேற்றுக் காலை சுவருக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, அவன் டேப்பைப் போடப் போட நான் பதில் கொடுத்தேன். “அடேயப்பா, சுவர் முழுக்கக் குடித்தனமா இருக்கே!”ன்னு துள்ளுறான். நான் முழங்கையில ஊர்ந்துகிட்டே போறேன், அப்போ ஸ்கூவாப் பறவை ஒண்ணு, செத்த ஆடுன்னு நினைச்சுதோ என்னமோ, பாய்ஞ்சு வந்து மண்டையில பொளேர்னு ஒரு அடி. கத்த முடியுமா, குறட்டைதான் விட்டேன். சரி, தள்ளிப் படுப்போம்னா அங்க ஃபுல்மர் பறவையோட கூடு, குஞ்சு என் மூஞ்சியிலயே நாத்த எண்ணெயைத் துப்பிடுச்சு, தும்மல் வந்துச்சு, அதையும் விக்கலா மாத்திட்டேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சா நாய் எழுந்து வெளியே போயிடுச்சு. “என்னப்பா இப்படி நாறுறே?”ன்னா சுன்வா. “வயசாகுதும்மா”ன்னேன்.

ஆனாலும் திட்டம் பலிச்சுடுச்சு, அக்கா! இன்னும் பல நாள் எண்ணணுமாம். அதுக்குள்ள வந்து சேரு.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். கடலும் காற்றும் உங்களிடம் அன்பாக நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
மண்டை வீங்கிய தம்பி,
ஹானுஸ்

பின்குறிப்பு: பனிமூட்டம். படகு வரல, கடிதமும் போகல. நல்லதாப் போச்சு. இன்னிக்குச் சாப்பிடும்போது தோர்கில் மெதுவா ஆரம்பிச்சான். “மாமா, அந்தச் சுவர்ல ஒரு அபூர்வப் பறவை இருக்கு. பொந்து பொந்தா மாறிப் பேசுது. தொப்பி வேற போட்டிருக்கு.” சுன்வா சிரிச்ச சிரிப்புல ஜாம் மூக்குல ஏறிடுச்சு. எனக்குப் பொங்கிடுச்சு. “எண்ணி முடிச்சதும் எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவியேடா!”

“எங்க போறது, மாமா? ‘அப்பாவை விட்டு வரமாட்டேன், நீ இங்க வந்துடு’ன்னு முதல்லயே சொல்லிட்டா. படகுத்துறையில வேலையே பேசியாச்சு.”

“ஏன்டி, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ கேட்டியாப்பா? இந்த வீட்ல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதைத் தவிர வேற என்னத்தைப் பேசியிருக்கோம்?”

அழுதுட்டேன், அக்கா. வெக்கமில்லாம, சந்தோஷமா, ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

கல்யாணத்தை நிறுத்த வராதே. நடத்தி வைக்க வா.