வேற ஏதாவது சந்தேகம்?

பொம்மையின் டான்சில் தையல்காரரின் கையோடு வந்துவிட்டது.

"தொட்டுப் பாருங்கன்னுதானே சொன்னேன்? பிடுங்கச் சொன்னேனா?" என்றார் நர்ஸ்.

டான்சில் ஆபரேஷனுக்கு முன்னால் பெற்றோருக்கு நடக்கும் வகுப்பு அது. பிள்ளைகளுக்குக் காலையிலேயே முடிந்துவிட்டது; அவர்கள் பக்கத்து அறையில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர் அந்தச் சிவப்புப் பஞ்சு உருண்டையை அவசரமாகத் திரும்ப அமுக்கினார். அது உள்ளே போனது. கழுத்து கிழிந்தது.

"இது நம்ம வேலை சிஸ்டர், விடுங்க" என்று காலரில் குத்தியிருந்த ஊசியை உருவி, மளமளவென்று தைத்தார். தலை கம்பீரமாக நின்றது. வாயையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"நல்லவேளை, நீங்க டாக்டருக்குப் படிக்கல!" என்றாள் பின்வரிசை அம்மா ஒருத்தி.

வாயில்லாப் பொம்மையை வைத்தே நர்ஸ் பாடத்தை முடித்தார். "சொன்ன நேரத்துக்கு மேல சாப்பாடு கூடாது. வீட்டுக்குப் போனப்புறம் ரத்தம் வந்தா, கொஞ்சம்தானேன்னு இருக்காம உடனே ஓடி வாங்க. வேற ஏதாவது சந்தேகம்?"

"ஐஸ்கிரீம் தரலாமா?" என்றார் தையல்காரர்.

"தாராளமா."

"என்ன கலர்?"

"சிவப்பு வேண்டாம். ரத்தமோன்னு குழப்பும்."

"கப்பா, குச்சியா?"

"சார்!"

கேட்க வந்தது வேறு.

மனைவி இருந்தவரை அவள் குறட்டைக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துப் படுத்தவர் அவர். அவள் போனபின் பஞ்சு தேவைப்படவில்லை, தூக்கமும் வரவில்லை. மகளுக்கு டான்சில் வீங்கி, அதே குறட்டை, நடுவில் அதே குட்டி விசிலோடு கிளம்பிய பிறகுதான் கண் அசந்தது. மூச்சு நின்று நின்று வருகிறது, எடுத்தே ஆகணும் என்கிறார் டாக்டர். மகளோ ஒரு வாரமாக மாட்டேன் என்று அடம். ஊசி பயம் என்று எல்லாரிடமும் அலுத்துக்கொண்ட அப்பாவுக்கு, உள்ளுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம். சம்மதப் படிவம் நான்காக மடிந்து சட்டைப்பையிலேயே கிடந்தது.

அறை காலியானது. நர்ஸ் கை நீட்டினார். "கையெழுத்து?"

படிவத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"சிஸ்டர்... அந்தக் குறட்டை... சுத்தமா நின்னுடுமா?"

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நின்னுடும் சார். காலையில உங்க பொண்ணு கேட்டப்பவும் இதையேதான் சொன்னேன். 'அப்போ எங்கப்பா எப்படித் தூங்குவாரு?'ன்னு கேட்டா பாருங்க."