வெர்லினின் ஸ்பிரிங்

பயிற்சி மைதானத்தில் இரண்டு தோட்டா ஒழுங்காகப் போனது. மூன்றாவதின் வெற்றுக்கூடு வெளியே விழாமல் ரைஃபிளின் பக்கத் திறப்பிலேயே சிக்கி நின்றது. வெர்லின் ஹாக்ஸ்டாட் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். மனைவி ஆர்லிஸ் மட்டும் காரில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை துப்பாக்கிக் கிளப் போட்டி. தோளில் அறுவைச் சிகிச்சை ஆனபின் போன வருஷம் முழுக்கக் கடைசி இடத்தில் கிடந்தவர் வெர்லின். இந்த வசந்தத்தில் இலக்கின் நடுவையே துளைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பிய தன் கைத்தோட்டாவின் மகிமை என்பது அவர் நம்பிக்கை. நிலவறையில் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அவர். உட்கார்ந்து, மருந்து நிரப்பும் நெம்புகோலை இழுப்பது ஆர்லிஸ். கடைத் தோட்டா வாங்குகிறவர்களைப் பார்த்தால், விருந்துக்குக் கடை கேக் கொண்டுவந்தவர்களைப் பார்ப்பதுபோல் வெர்லின் பரிதாபப்படுவார்.

ஆகவே கோளாறு ரைஃபிளில்தான். தோளில் வைக்கும் பின்கட்டைக்குள் ஒரு நீள ஸ்பிரிங்கும், பஃபர் என்ற எடைக்கட்டியும் இருக்கின்றன. சுட்டதும் பின்னால் பாயும் பாகத்தைத் தாங்கி, திரும்ப முன்னால் தள்ளுவது அவற்றின் வேலை. வெர்லின் ஸ்பிரிங்கை உருவி அளந்தார். குட்டையாகியிருந்தது.

"தேஞ்சுபோச்சு," என்றார்.

"அதுதானா? நல்லாப் பாத்தியா?"

"ஆயுசு பூரா டிராக்டர் பிரிச்சவன்கிட்ட கேக்கற கேள்வியா இது, ஆர்லிஸ்?"

ஆர்லிஸ் பின்னலைத் தொடர்ந்தார்.

ஊரில் உதிரிபாகம் விற்பது டுவேன் பெக்கலா ஒருவர்தான். கிளப் சுவரின் வெற்றிப் பலகையில் போன வருஷம் ஏறிய பெயரும் அவருடையதுதான். அவரிடம் போய் என் ரைஃபிள் சுடவில்லை என்று சொல்வதா? வெர்லின் பக்கத்து மாவட்டம் வரை ஓட்டிப்போய்ப் புது ஸ்பிரிங் வாங்கி வந்தார்.

இப்போது முதல் தோட்டாவே சிக்கியது.

எடை போதவில்லை என்று முடிவு கட்டி, மறுபடி அவ்வளவு தூரம் போய்க் கனமான பஃபர் வாங்கி வந்து மாட்டினார். வெற்றுக்கூடு அசையவே மறுத்தது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அன்று உணவு மேசையில் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் தொடுவாரில்லாமல் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை தொப்பியை மாட்டிக்கொண்டு டுவேன் கடைக்குக் கிளம்பினார். துப்பாக்கிக் கடைப் பக்கமே வராத ஆர்லிஸ் தானாக வந்து காரில் ஏறிக்கொண்டார்.

டுவேன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது வெர்லினுக்கு. பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் டுவேன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது தொய்ஞ்சு கிடந்ததாலதான்யா இத்தன நாள் ஓடியிருக்கு. புதுசத் தள்ள உன் தோட்டாவுக்குத் தெம்பு பத்தல."

"என் தோட்டாவையா சொல்ற?"

 டுவேன் ஒரு கடைத் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்க மைதானத்துக்கு நடந்தார்.

வெர்லின் சுட்டார். ரைஃபிள் கடிகாரம்போல் ஓடியது. வெற்றுக்கூடுகள் வரிசையாகத் துள்ளி விழுந்தன. ஆனால் இலக்குத் தாளில் ஒரு துளைகூட இல்லை. பின்னாலிருந்த மண்மேடு மட்டும் புகைந்தது.

வெர்லின் தோளைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா? இதுக்குத்தான் கடைத் தோட்டாவத் தொடறதில்லங்கறேன். என் தோட்டா ஒண்ணு இப்படித் தப்பியிருக்குமா?"

 ஆர்லிஸ் பின்னலைப் பைக்குள் வைத்தார்.

"இருக்கறதுலயே லேசான பஃபர் ஒண்ணு குடு டுவேன், நாளைக்கு ஜெயிக்கணும், ஆபரேஷனுக்கப்புறம் வெர்லின் தோள் வலிக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டுச் சுடறதப் பாத்துட்டு, மாசாமாசம் தோட்டாவுல மருந்தக் கொறச்சுக்கிட்டே வந்தது நான்தான்."