டாக்டருக்கு வாங்கின பேடா

வாயைக் கையால் மூடிக்கொண்டு யாரையும் திட்ட முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன். எதிரில் நிற்பவர் பயப்படுவதற்குப் பதில், "பல்லு வலியாக்கா?" என்று பரிவோடு கேட்பார். ஒரு சூப்பர்வைசருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். ஹால் முழுக்க மெஷின் சத்தம். அதற்கும் மேலே என் குரல் கேட்க வேண்டும். பல வருடங்களாக என்னோடு குடித்தனம் நடத்தும் சர்க்கரை நோய் ஈறைக் கெடுத்து, மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் கழற்றிவிட்டதில் அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. மாட்டிக் கழற்றுகிற பல் செட் போட்டுப் பார்த்தேன். கோடு தவறித் தைத்த ஒரு பெண்ணை உரக்கக் கண்டித்தபோது, அது பறந்துபோய் அவள் தைத்துக்கொண்டிருந்த தோலின் மேலேயே விழுந்தது. (அவள் அதை எடுத்துத் துடைத்து, "இந்தாங்கக்கா" என்று நீட்டினாள். தங்கமான பெண். அன்று அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.)

அதற்குப் பிறகுதான் நானும் என் வீட்டுக்காரரும் வேலூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம். தாடை எலும்பில் ஸ்க்ரூ பதிப்பார்களாம். அது எலும்போடு சேர்ந்ததும் மேலே பல்லைப் பொருத்துவார்களாம். ஆடாது, முக்கியமாகப் பறக்காது.

"சுகர் இருக்கவங்களுக்கும் பண்ணலாம்மா. ஆனா கன்ட்ரோல்ல இருக்கணும். இல்லன்னா புண்ணு சீக்கிரம் ஆறாது, ஸ்க்ரூ புடிக்காமப் போய்டலாம்" என்றார் டாக்டர். "மூணு மாச சராசரிக்கு ரத்தம் டெஸ்ட் எடுப்போம். முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாத்த முடியாது."

எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேறு வழியில்லை. சோற்றைக் குறைத்தேன். டீயில் சர்க்கரையை விட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் நடந்தேன். பக்கத்து வீட்டு பாய் மகள் கல்யாணத்தில் பிரெட் அல்வாவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். (அந்தத் தியாகத்தை இன்றுவரை யாரும் பாராட்டவில்லை.) கடைசியில் சராசரி இறங்கியது. டாக்டர் நாள் குறித்தார். "காலைல எப்பவும்போல டிஃபன் சாப்ட்டு, மாத்திரை போட்டுட்டு வாங்க" என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு. இது ஊருக்கே தெரிந்த விஷயம். டாக்டருக்குச் சின்ன வயது, பாவம், மறந்திருப்பார். அதோடு, சாப்பிடாமல் போனால் சுகர் இன்னும் கம்மியாகக் காட்டும், டாக்டரே அசந்துபோவார். ஆகவே இட்லியை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் பயபக்தியோடு விழுங்கினேன். பஸ்ஸில் வீட்டுக்காரர், "சாப்டியா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

நாற்காலியில் சாய்ந்ததும் வியர்த்துக் கொட்டியது. டாக்டர் இரண்டு டாக்டர்களாகத் தெரிந்தார். விரலில் குத்திச் சுகர் பார்த்தவர், "ஐம்பத்தி நாலு!" என்று அலறினார்.

"கம்மியா இருக்குதா டாக்டர்?" என்றேன் பெருமையாக.

உடனே குளுக்கோஸ் தண்ணீர் வந்தது. என் கலங்கிய புத்திக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது: இது பரீட்சை. குடித்தால் பல் கிடையாது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"வாயத் தெறங்கம்மா!"

"மாட்டேன்! இத்தன மாசமா சக்கரையத் தொடாம இருக்கேன், இப்ப வந்து ஊத்துறியே, நீயெல்லாம் ஒரு டாக்டரா?" என்று கையைத் தட்டிவிட்டேன். குளுக்கோஸ் முழுவதும் டாக்டரின் வெள்ளைக் கோட்டில். சுகர் இறங்கினால் மனுஷருக்குச் சண்டைக்குணம் வருமென்று டாக்டர் பிறகு பெருந்தன்மையாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "இல்ல டாக்டர், எப்பவும் இப்டித்தான்" என்றார்.

என்னைக் காப்பாற்றியதும் அவர்தான். லாரி ஓட்டுபவர், முந்தின நாள் ராணிப்பேட்டைக்கு லோடு கொண்டுபோனபோது, டாக்டருக்குக் கொடுக்கலாமென்று ஆற்காட்டில் ஜீராவில் ஊறிய மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். (பல் டாக்டருக்கு இனிப்பு. எங்கள் குடும்பத்தின் அறிவு அவ்வளவுதான்.) பெட்டியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

"இந்தாமே, பேடா. துன்றியா?"

வாய் தானாகத் திறந்தது.

"குடுங்க, குடுங்க!" என்று டாக்டர் அவசரப்படுத்தினார். ஒன்று போனது. இன்னொன்றும் போனது. அதற்குப் பிறகு குளுக்கோஸையும் சமர்த்தாகக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. முகவாயில் ஜீரா வழிய உட்கார்ந்திருந்தேன். எதிரே பிசுபிசுத்த கோட்டோடு டாக்டர். வாசலில் மற்ற நோயாளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. எல்லாம் போச்சு, இனி ஆயுசுக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும் என்று அழுதுவிட்டேன்.

"இன்னைக்கு வேணாம், அவ்ளோதான். ரெண்டு பேடாவுல உங்க மூணு மாசம் வீணாப்போய்டாது" என்றார் டாக்டர். வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் நீங்களே பாத்து சாப்ட வெச்சிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர், இட்லி உள்ளே போனதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போனார். ஸ்க்ரூ பதித்தார்கள். சில மாதம் சுகரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன். "நல்லாப் புடிச்சிருக்கு" என்று டாக்டர் சொன்ன நாளில் அவரைக் கட்டிக்கொண்டேன். பற்கள் ஏறின.

மறுநாள் ஹாலில் ஒருத்தி கோணலாகத் தைத்துக்கொண்டிருந்தாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

"ஏய்! கண்ண எங்க வெச்சிக்கினு தைக்கிற?"

அந்தக் கோடியில் தோல் வெட்டுகிறவர்கள்வரை திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் நிஜமாகவே பயந்தாள். யாரோ கை தட்ட, ஹாலே கை தட்டியது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தையலைப் பிரிக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. ஒவ்வொரு தடவையும் நான் தின்ற பேடா ஏறிக்கொண்டே போகிறது. போன வாரம் சம்பந்தி வீட்டார் முன்னால் பன்னிரண்டில் வந்து நின்றது. பெட்டியில் இருந்ததே எட்டுதான். எனக்கு வந்த கோபத்தில், அவர் பரம்பரையையே இழுத்து, தெரு முனைவரை கேட்கும்படி ஒரு பிடி பிடித்தேன்.

மனுஷர் அசையவில்லை. சம்பந்தி பக்கம் சாய்ந்து சொன்னார்: "பாத்தீங்களா புதுப் பல்ல, ஒரு எழுத்து சிந்தல!"